நம்பினேன் என்று சொன்ன சாட்சி

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினேழு வயதில் ஸ்பேனரைக் கையில் பிடித்தவன். இந்த வருடத்தோடு இருபத்தாறு வருடம் ஆகிறது. அவன் பராமரிக்கும் லிஃப்ட்டில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அவன் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். அவன் வேலை செய்யும்போது லிஃப்ட் ஓடாது. லிஃப்ட் ஓடும்போது அவன் அங்கே இருக்கமாட்டான். வேலை நடக்கும் இடமும் மொட்டைமாடி மெஷின் ரூம், இல்லையென்றால் லிஃப்ட் பெட்டியின் மேல்தளம், அதுவும் இல்லையென்றால் தரைக்குக் கீழே உள்ள குழி.

குழிக்குள் இருக்கும் நேரமெல்லாம் விசிலடித்துக்கொண்டே இருப்பான். ராகம் தாளம் எதுவும் கிடையாது. உள்ளே ஆள் இருக்கிறது, சுவிட்சில் கை வைக்காதே என்று மேலே இருப்பவர்களுக்குச் சொல்கிற சத்தம் அது. அதனால் பல கட்டடங்களில் அவனுக்கு 'விசில்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

இன்னொரு பழக்கம், எதையும் எழுதி வைப்பது. அவனிடம் ஒரு சர்வீஸ் புத்தகம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தாள். வெள்ளை கம்பெனிக்கு, மஞ்சள் கட்டடத்துக்கு, ரோஜா நிறத் தாள் புத்தகத்திலேயே நின்றுவிடும். மற்ற மெக்கானிக்குகள் 'சரி பார்க்கப்பட்டது' என்று ஒரு கிறுக்கலோடு முடிப்பார்கள். இவன் எந்த போல்ட்டை எத்தனை சுற்று முறுக்கினான் என்பதுவரை எழுதுவான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அவன் எழுத்தைப் படித்தால் லிஃப்ட் கண்முன் வந்து நிற்கும்.

ஆறு வருடத்துக்கு முன் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக் கட்டை தேய்ந்திருப்பதைப் பார்த்தான். லிஃப்ட்டை நிறுத்தினான். 'புதிய கட்டை போடும்வரை ஓட்டக்கூடாது' என்று எழுதி, மஞ்சள் தாளைக் கட்டட மேலாளரிடம் கொடுத்தான். கதவில் பலகையும் மாட்டினான். மறுநாள் ஐந்தாம் மாடியில் ஒரு குடும்பம் வீடு மாறியது. பீரோவைப் படி வழியாக இறக்க முடியாது என்று அவர்கள் கேட்டுக்கொள்ள, மேலாளர் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். பீரோ பத்திரமாக இறங்கியது. அன்று மாலை ஒரு முதியவர் ஏறியபோது பெட்டி தரையில் நிற்காமல் இரண்டடி கீழே வழுக்கிப் போனது. அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது.

மறுநாள் காலைச் செய்தித்தாளில் மூன்றாம் பக்கத்தில் என் தம்பியின் படம். 'குடிபோதையில் லிஃப்ட் பழுது பார்த்த மெக்கானிக்: முதியவர் கால் முறிந்தது.' கீழே அவன் முழுப் பெயர், வயது, நாங்கள் இருக்கும் தெரு. மேலாளர் சொன்னதை அப்படியே வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒரு பீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திறந்து பார்க்காதவன் என் தம்பி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வதை அன்றுதான் அச்சில் பார்த்தேன்.

லிஃப்ட் ஆய்வாளர் வந்து விசாரித்து, மெக்கானிக் மேல் தவறில்லை என்று இரண்டு வாரத்தில் எழுதிக் கொடுத்தார். முதியவரின் மகனே வீட்டுக்கு வந்து என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டுப் போனார். ஆனால் கம்பெனி அவனைத் திரும்ப எடுக்கவில்லை. "உன்னை அனுப்ப வேண்டாம்னு கட்டடக்காரங்க லெட்டர் போடறாங்கப்பா. நான் என்ன செய்ய?" என்றார் முதலாளி. வேறு கம்பெனிகளில் கேட்டால், "அந்தப் பேப்பர்ல வந்தது..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். ஆளில்லாத நேரத்தில் பத்து வீட்டுக்குப் பொதுவான இடத்தில் புகுந்து வேலை செய்கிற தொழில் இது. நம்பிக்கை போனால் ஸ்பேனரை ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான்.

நானும் அவனும் செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போனோம். ஆய்வாளர் கொடுத்த காகிதத்தைப் படித்துப் பார்த்த உதவி ஆசிரியர், "சரி, மறுப்பு போட்டுடலாம். நாளைக்கு எட்டாம் பக்கம், கீழ, மூணு வரி" என்றார்.

"செய்தி மூணாம் பக்கத்துல, படத்தோட, பெரிய எழுத்துல வந்துச்சே சார்?" என்றான் தம்பி.

"அது செய்திங்க. இது மறுப்பு."

அந்த மூன்று வரியும் வரவில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்த ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். கேட்டு முடித்துவிட்டு, "வழக்குன்னு வந்தா ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்னு சொல்வாங்க. தெரியும்ல?" என்றார்.

"தெரியும்மா. செத்துதான் உங்ககிட்ட வந்திருக்கேன். இதுக்கு மேல தோக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றான் தம்பி.

அவர் சிரித்துவிட்டு வக்காலத்துத் தாளை நீட்டினார். ஃபீஸைக் கிடைக்கும்போது கொடுங்கள் என்றார். கோர்ட் கட்டணத்துக்கு நான் என் ஓவர்லாக் மெஷினை விற்றேன். நான் தையல்கடை வைத்திருக்கிறேன். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது போன்ற வேலைகள். ஓவர்லாக் இல்லாவிட்டால் ஓரத்தைக் கையால் தைத்துக்கொள்ளலாம்.

செய்தித்தாள் மேல் போட்ட மானநஷ்ட வழக்கு நாலு வருடம் ஏழு மாதம் நடந்தது. அத்தனை நாளும் தம்பிக்கு வேலை கொடுத்தவர் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர். "பேப்பரா? நான் அதுல எண்ணெய் துடைக்கற வேலைதான் பாக்கறேன், படிக்கறதில்ல" என்று சொல்லி, எண்ணெய்க் கையோடு அவனை உள்ளே அழைத்துக்கொண்டார். பழைய சம்பளத்தில் பாதிதான். அந்தப் பாதியில்தான் தம்பி வீட்டில் அடுப்பு எரிந்தது. அவருக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

செய்தி பொய் என்பதை நிரூபிக்க அதிகச் சிரமமே படவில்லை. கம்பெனியின் வெள்ளைத் தாள் காணாமல் போயிருந்தது. கட்டடத்தின் மஞ்சள் தாளும் அப்படித்தான். ரோஜா நிறத் தாள் மட்டும் தம்பியின் புத்தகத்தில் இருந்தது. பலகையைக் கழற்றியதைப் பார்த்த காவலாளி, வேலை போனாலும் பரவாயில்லை என்று கூண்டில் ஏறிச் சொன்னார். அதற்குப்பின் செய்தித்தாளின் வக்கீல் வேறு பாதையைப் பிடித்தார். செய்தி தவறென்றே வைத்துக்கொள்வோம், அதனால் வாதிக்கு என்ன நஷ்டம்? ஊரறிந்த டாக்டரா, தலைவரா? குழிக்குள் வேலை செய்கிற ஒரு தொழிலாளி. அவரை யாருக்குத் தெரியும்? இல்லாத நற்பெயர் எப்படிக் கெடும்? பெயருக்கு ஒரு நாணயம் நஷ்டஈடு போதும், செலவுத்தொகையும் தர வேண்டியதில்லை என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, தம்பி வேலை பார்த்த பதினொரு கட்டடத்துக்கும் அவன் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். பெயரைச் சொன்னால் விழித்தார்கள், படத்தைக் காட்டினால் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு வீட்டில் களைத்துப்போய், "லிஃப்ட் குழிக்குள்ள விசிலடிச்சுக்கிட்டே..." என்று ஆரம்பித்தேன்.

"விசிலா! ஐயோ, அவரா? அவரு தங்கமானவராச்சே!"

அதற்குப்பின் வேலை சுலபமானது. ஒன்பது நாளில் நாற்பத்தொரு கையெழுத்து. 'இவர் நல்லவர், ஒழுக்கமானவர், அந்தச் செய்தியை நாங்கள் நம்பவில்லை.' ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்து, வக்கீலம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்னங்க இது, மாப்பிள்ளையைப் பத்தி விசாரிச்ச மாதிரி எல்லாம் நல்ல பேராவே இருக்கு?"

"நல்ல பேருதானேம்மா வேணும்?"

"நாப்பத்தொரு பேரும் செய்தியை நம்பலைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. யாருமே நம்பலைன்னா உங்க தம்பிக்கு என்னங்க நஷ்டம்? இதை மட்டும் எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தாருன்னா, என் கையிலிருந்து பிடுங்கி அவரே ஜட்ஜ்கிட்ட கொடுத்துடுவாரு."

காகிதக் கட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒன்பது நாளாக நான் எதிராளிக்கு அல்லவா வேலை செய்திருக்கிறேன்.

"நம்பினவங்களைக் கூட்டிட்டு வாங்க. நம்பி, வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னவங்களை. ஒருத்தர் போதும்," என்றார்.

நம்பினேன் என்று கோர்ட்டில் சொல்ல யார் வருவார்கள்? கட்டடக்காரர்கள் எழுதிய கடிதங்களைக் கேட்டால் கம்பெனிக்காரர்கள் 'தேடுகிறோம்' என்றார்கள், தேடிக்கொண்டே இருந்தார்கள். நான் மூன்று பேரிடம் போனேன். மூன்று கதவும் மூடின. நாலாவது, ஒன்பது மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கதவைத் திறந்ததும் என்னை அளந்து பார்த்தார்.

"கையெழுத்து வாங்கறவங்கதானே? கேள்விப்பட்டேன். நம்பலைன்னு போட்டுக்கொடுக்கணும், அவ்வளவுதானே?"

"இல்லைங்க டீச்சர். நம்பினேன்னு சொல்லணும்."

கதவை முழுதாகத் திறந்தார். "உள்ள வாங்க," என்றார்.

அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல் அதில் இருந்தது. 'குடிகாரர் ஒருவரை எங்கள் கட்டடத்துக்குள் இனி அனுப்ப வேண்டாம்.' கீழே பதினாறு கையெழுத்து.

"நான்தான் எழுதினேன். நானேதான் மாடி மாடியா ஏறி வாங்கினேன். ஒரே நாள்ல முடிச்சேன், அவ்வளவு வேகம்!" என்றார். "எட்டு வருஷம் எங்க லிஃப்ட்டைப் பார்த்தவரு. ஒரு நாள் தள்ளாடினது கிடையாது, வாடை அடிச்சது கிடையாது. அதெல்லாம் ஞாபகம் வரல. பேப்பர்தான் ஞாபகம் வந்துச்சு."

"இதை அங்க வந்து சொல்வீங்களா?"

"அங்க எல்லாரும் இருப்பாங்களே?"

"ஆமாங்க. என் தம்பியும் இருப்பான்."

அவர் ஃபைலை மூடிவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்," என்றார். நாளையும் போனது, மறுநாளும் போனது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போன ஐந்தாம் நாள் கடைக்கு போன் வந்தது. "எத்தனை மணிக்குக் கோர்ட்? வண்டியெல்லாம் அனுப்ப வேண்டாம். நானே வந்துக்கறேன்."

கூண்டில் ஏறி, கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். செய்தித்தாளின் வக்கீல் எழுந்தார்.

"அம்மா, நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்க. பேப்பர்ல வர்றதையெல்லாம் அப்படியே நம்பிடுவீங்களா?"

"நம்ப வேண்டாம்னா அதையும் முதல் பக்கத்துல போட்டுடச் சொல்லுங்க உங்க கட்சிக்காரரை."

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"வாதியோட பேர்கூட உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றேன்."

"அன்னைக்குக் காலை வரைக்கும் தெரியாதுதான். விசில்னுதான் தெரியும். முழுப் பேரையும் உங்க பேப்பர்தான் சொல்லிக்கொடுத்துச்சு. குடிகாரன்ங்கற பட்டத்தோட சேர்த்து."

வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் டீச்சர் எங்களைக் கடந்து போனார். தம்பி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். அவர் நின்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "எங்க லிஃப்ட் மூணாவது மாடிகிட்ட ஒரு உதறு உதறுது," என்றார்.

"பெட்டி ரெயிலை ஒட்டி ஓடற ஷூ தேஞ்சிருக்கும்மா. ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க. ஒண்ணை மட்டும் மாத்தினா திரும்ப உதறும்."

"சொல்றேன்," என்று போய்விட்டார். அவர் பிறர் முன்னால் தன் தவறைத் தானே படித்துக் காட்டியதற்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? அவர் வந்த ஆட்டோவுக்குக் காசு கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார்.

தீர்ப்பில் இருபத்திரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை நஷ்டஈடு. வழக்குப் போட்ட நாளிலிருந்து பணம் கட்டும் நாள்வரை அதற்கு வட்டி. அதற்கு மேல் எங்கள் வழக்குச் செலவு. வட்டியைத்தான் எதிர்த்தரப்பு கடைசிவரை எதிர்த்தது. வழக்கு இழுத்தது தங்களால் அல்ல என்றார்கள். அளவு எழுதும் என் கடை நோட்டின் பின்பக்கங்களில் ஒவ்வொரு வாய்தாவையும், அதைக் கேட்டது யார் என்பதையும் எழுதி வைத்திருந்தேன். முப்பத்தொரு வாய்தா. அவர்கள் கேட்டது பத்தொன்பது, கோர்ட்டே தள்ளியது எட்டு, நாங்கள் கேட்டது நாலு. வக்கீலம்மா அதைக் கோர்ட் குறிப்போடு ஒப்பிட்டார். ஒரு தேதிகூடத் தவறவில்லை. நீதிபதி நோட்டை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தபோது அங்கே யாரோ ஒருவருடைய இடுப்பளவு இருந்தது. அவர் அதையும் நிதானமாகப் படித்துவிட்டுத்தான் பின்பக்கம் போனார். அந்த வட்டி தீர்ப்பில் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்துச் செய்தித்தாளின் மேலாளர் வக்கீலம்மாவின் அறைக்கு வந்தார். நாங்களும் இருந்தோம்.

"ஆசிரியர் அப்பீல் போகலாம்னு சொல்றாரு," என்று ஆரம்பித்தார்.

"தாராளமா போங்க. வட்டி மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும்," என்றார் வக்கீலம்மா.

மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வட்டியை மட்டும் விட்டுக்கொடுத்தா இந்த வாரமே செக் வந்துடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "விட்டுடறேன்," என்றான். "தீர்ப்புல காசுதான் கொடுக்கச் சொல்லியிருக்கு, மறுப்பு போடச் சொல்லலை. நீங்க மறுப்பு போடுங்க. மூணாம் பக்கம், அதே இடம், அதே எழுத்து. என் படமும் வேணும்."

"படம் எதுக்குங்க திரும்ப?"

"படத்தைப் பார்த்துத்தானே நம்பினாங்க. அதே ஆள்னு தெரிய வேண்டாமா?"

மேலாளர் போன் பேச வெளியே போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்த வட்டி, நான் முப்பத்தொரு தடவை கோர்ட் படி ஏறினதுடா!"

"கோவிச்சுக்காதக்கா. செலவுத்தொகையில ஒரு சல்லிக்காசு விடமாட்டேன். அது உன் மெஷின், வக்கீலம்மாவோட உழைப்பு. நஷ்டஈடு டீச்சரம்மா வந்து வாங்கிக் கொடுத்தது, அதையும் தொடமாட்டேன். வட்டிங்கறது காத்திருந்ததுக்கு. அதுல பாதி நீ காத்திருந்தது, தெரியும். உன் பாதியை எனக்குக் கொடுத்துடேன். எனக்கு வேலை வேணும்க்கா."

என்னைவிட ஒன்பது வயது சின்னவன். கேட்டால் எதைத்தான் நான் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்? மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி போ என்றேன். வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, ஒப்பந்தத்தை அங்கேயே எழுத ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் வந்தது. 'மெக்கானிக் குடித்திருக்கவில்லை: எங்கள் செய்தி தவறு.' அதே பக்கம், அதே படம். நான் பழைய தாளையும் புதிய தாளையும் வெட்டுமேசையில் விரித்து டேப் வைத்து அளந்தேன். புதியதில் தலைப்பு கால் அங்குலம் குறைவு. வக்கீலம்மாவுக்குப் போன் போட எழுந்தேன். தம்பி என் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டி வைத்துவிட்டான்.

செலவுத்தொகையில் பஸ் டிக்கெட்டெல்லாம் சேராது என்று கழித்துவிட்டார்கள். அது போனாலும் வக்கீலம்மாவின் பாக்கி தீர்ந்தது, பழைய ஓவர்லாக்கைவிட நல்லதாக ஒன்று வாங்கினேன். காவலாளிக்கு வேலை போய்விட்டிருந்தது. காயில் கடைக்காரர் அவரைத் தன் கடையில் வைத்துக்கொண்டார். நஷ்டஈட்டில் தம்பி கனம் தூக்கும் செயின் பிளாக், மீட்டர், பாதுகாப்பு பெல்ட் எல்லாம் வாங்கி, சொந்தமாகப் பராமரிப்பு வேலை எடுக்க உரிமம் வாங்கினான். முதலில் கூப்பிட்டது டீச்சரின் கட்டடம். பதினாறு கையெழுத்து போட்ட அதே வீட்டுக்காரர்கள் இந்த முறை ஒப்பந்தத்தில் போட்டார்கள்.

ஆனால் அவர்கள் தெரிந்தவர்கள். தெரியாதவர்கள் கூப்பிடுவார்களா என்ற பயம் அவனுக்கு இருந்துகொண்டேதான் இருந்தது. சொல்லமாட்டான், போன் அடித்தால் இரண்டாவது மணிக்கே எடுப்பான். நாலு மாதம் கழித்துப் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்திலிருந்து ஒருவர் வரச் சொன்னார். காகிதங்களைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். கட்டட அதிகாரி உரிமத்தைப் படித்தார். பெயரில் வந்து நின்றார். நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"பேப்பர்ல வந்தவர்தானே நீங்க?"

"ஆமா சார்."

"முதல்ல வந்ததா, ரெண்டாவது வந்ததா?"

"ரெண்டும் நான்தான் சார்."

அவர் உரிமத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் நெம்பி, மெஷின் ரூம் சாவியை மட்டும் தனியே கழற்றி மேசையில் தம்பி பக்கம் தள்ளினார்.

"ரெண்டாவது லிஃப்ட் மோட்டார் ரொம்பச் சத்தம் போடுது. முதல்ல அதைப் பாருங்க."